ஆரணியில் லண்டன் ஹோரை

தென்னரசு என்ற பெயர் தனியாக நடந்து வந்து ஆரணியில் யாரும் பார்த்ததில்லை. அதன் கையைப் பிடித்துக்கொண்டு எம்.சி.ஏ.வும் கூடவே வரும். கல்யாண மண்டபத்தில் மொய் எழுதுகிறவர் முன்னால் நின்றால், "தி. தென்னரசு, எம்.சி.ஏ., தேவிகாபுரம்" என்று நிறுத்தி நிறுத்திச் சொல்வான். எழுதுகிறவர் அவசரத்தில் பட்டத்தை விழுங்கிவிட்டால், அது ஏறுகிற வரைக்கும் மொய்க் கவர் இவன் கையை விட்டு இறங்காது. மோட்டார் சைக்கிள் நம்பர் பிளேட்டிலும் அதே கதைதான். பட்டம் பெரிதாகவும் நம்பர் பொடியாகவும் இருந்ததைப் பார்த்து, பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு போலீஸ்காரர் வண்டியை ஓரங்கட்டினார். "நீ இன்னா படிச்சிருக்கேன்னு தெரிஞ்சி போச்சு தம்பி. வண்டி நம்பரு இன்னா, அதைச் சொல்லு" என்றார். இந்தச் சம்பவத்தை ஊரில் சொல்லும்போது தென்னரசு போலீஸ்காரரின் முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வான்.

அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவன் வம்சத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் அவன் அப்பா. கையெழுத்துக்குக் கீழே பட்டம் போட்ட முதல் ஆள் இவன். கல்லூரிக் கட்டணச் சலுகைக்காகத் தாலுகா ஆபீஸில் முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று ஒன்று தருவார்கள். அட்மிஷன் முடிந்ததும் அந்தக் காகிதம் எல்லார் வீட்டிலும் பீரோவுக்குள் போய்ப் படுத்துவிடும். இவன் வீட்டில் மட்டும் அது கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறி, முருகனுக்கும் பெருமாளுக்கும் நடுவில் தொங்குகிறது. அம்மா பச்சையம்மாள் வெள்ளிக்கிழமை சாமிக்குப் பூ வைக்கும்போது அதற்கும் ஒரு கிள்ளு வைப்பாள். மூடப் பழக்கம் எதுவும் தனக்கு ஆகாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிற தென்னரசு, அந்தப் பூவை மட்டும் ஒருநாளும் எடுத்துப் போட்டதில்லை.

மூடப் பழக்கம் என்பது அவனுக்கு மிகவும் பிடித்த சொல். எம்.சி.ஏ.வுக்கு அடுத்தபடியாக அதைத்தான் அதிகம் உச்சரிப்பான். மோட்டார் சைக்கிளைக்கூட வேண்டுமென்றே ராகு காலத்தில்தான் எடுத்தான். ஒரு மணி நேரம் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு எடுத்துப் போகும்படி ஷோரூம்காரர்களே கெஞ்சிப் பார்த்தார்கள். விஞ்ஞானம் படித்தவனுக்கு எல்லா நேரமும் ஒன்றுதான் என்று பதில் சொல்லிவிட்டு உதைத்துக் கிளப்பினான். தேவிகாபுரம் போகிற வழியில், ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லில் சறுக்கி விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டான். அது நெல்லின் குற்றம், காயப்போட்டவன் குற்றம், ராகுவுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை என்று கட்டுப் போட்ட கையை ஆட்டி ஆட்டி ஒரு மாதம் விளக்கினான். கட்டைப் பிரித்தபோது முழங்கையில் நெல் மணி அளவுக்கு ஒரு தழும்பு தங்கிவிட்டது.

இப்படிப்பட்டவனுக்கு வேலை வாய்த்த இடம் சிவப்பிரகாசம் முதலாளியின் பட்டுக்கூடம்.

முதலாளிக்குப் பத்துப் பன்னிரண்டு தறிகள், முன்பக்கம் விற்பனைக்கு ஒரு கூடம், பக்கத்தில் ஒரு சின்ன ஏ.சி. அறை. அந்த அறையில்தான் கம்ப்யூட்டர். சிவப்பிரகாசத்துக்குக் குலதெய்வம் ஒன்று உண்டு என்றாலும், தினப்படி கும்பிட்டது நேரத்தைத்தான். தும்மல் வந்தால்கூட நல்ல நேரம் பார்த்துத்தான் தும்முவார் என்று தறிக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மணி நேரத்தை ஒவ்வொரு கிரகம் ஆள்கிறது என்றும் அதற்கு ஹோரை என்று பெயர் என்றும் பஞ்சாங்கக்காரர்கள் சொல்வார்கள். பட்டுக்கு உகந்தது சுக்கிர ஹோரை. காலண்டரைப் புரட்டிப் பார்க்கச் சோம்பல்பட்டு, முதலாளி காஞ்சிபுரத்தில் யாரிடமோ ஒரு புரோகிராம் வாங்கி வந்து கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்தார். சுக்கிர ஹோரை பிறந்ததும் அது கோயில் மணி மாதிரி மூன்று தடவை அடிக்கும். தறிக்கூடத்துக்கு ஒரு ஸ்பீக்கரும் இழுத்து விட்டிருந்தார்.

புதுப் பாவைப் பிணைப்பது வெள்ளிக்கிழமைதான், மணி அடித்த பிறகுதான். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள். பிணைப்பது என்றால், தறியில் முடிந்துபோன பழைய பாவின் இழை நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து விரலால் முறுக்குவது. ஆயிரக்கணக்கான இழை. கண்ணும் விரலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டிய வேலை. அதற்கு மேல் முதலாளி குடும்பத்தில் ஒரு வழக்கமும் உண்டு. பூஜை போட்டு, பார்டர் பக்கத்து முதல் கொத்து இழையைப் பிணைத்து முடிக்கிற வரைக்கும் யாரும் சாப்பிடக்கூடாது. வெள்ளிக்கிழமை சுக்கிர ஹோரை விடிகாலையில் ஒன்று வரும், அதை விட்டால் பகல் ஒரு மணிக்குத்தான். விடிகாலையில் முதலாளியே எழுந்திருக்க மாட்டார். ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் தறிக்காரர்கள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு மணியைப் பார்த்துக் காத்திருப்பார்கள். "ஊருல எல்லாரும் சோறு துன்ற டைமாப் பாத்துதான் இந்த சுக்கிரன் வருவானா" என்று அய்யாக்கண்ணு முணுமுணுப்பார். கை சுத்தமான நெசவாளி, வாய் அதைவிட நீளம்.

தென்னரசுவுக்கு இங்கே கொடுத்திருந்த பெயர் 'கம்ப்யூட்டர் தம்பி'. வரிக் கணக்கை ஏற்றுவது, பேங்கு வேலை பார்ப்பது, டிசைன் அட்டை குத்துகிற இடத்துக்கு ஃபைல் அனுப்புவது, முதலாளி போனுக்கு ரீசார்ஜ் போடுவது, நடுவில் டீ சொல்லிவிட்டு வருவது. புட்டாவும் பார்டரும் வரைவது ரேணுகாதேவி. அவள் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து வரைவாள். இவனுக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். எம்.சி.ஏ. படித்துவிட்டு முதுகு சாய இடமில்லாமல் இருப்பது அவனை அரித்துக்கொண்டே இருந்தது. அந்த அறைக் கதவுக்கு மேல் தன் பெயரில் ஒரு போர்டு தொங்க வேண்டும், தறிக்கூடத்தில் ஒரே ஒரு ஆளாவது தன்னை 'சார்' என்று கூப்பிட வேண்டும். அவன் கேட்டது அவ்வளவுதான்.

சந்தர்ப்பம் வரித்துறை வழியாக வந்தது. கம்ப்யூட்டரில் இருந்தது பழைய விண்டோஸ். வரி கட்டுகிற வெப்சைட்டும் பேங்கு வெப்சைட்டும் இனி இந்தக் கிழத்தோடு பேச மாட்டோம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டன. புது விண்டோஸ் போடலாம் என்றால், டிசைன் சாஃப்ட்வேர் அதில் ஓட மாட்டேன் என்றது. பழையதில் சேலை வரையலாம், வரி கட்ட முடியாது. புதியதில் வரி கட்டலாம், கட்டுகிற அளவுக்கு வியாபாரம் இருக்காது. முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது தென்னரசு ஸ்டூலிலிருந்து எழுந்தான்.

"ஒரே பெட்டியில ரெண்டு வச்சிடலாங்க மொதலாளி. பழைய விண்டோஸு அப்படியே இருக்கட்டும். பக்கத்துல லினக்ஸுன்னு ஒண்ணு போட்டுடறேன். வரி, பேங்கு எல்லாம் அதுல. காசே கிடையாது."

கடைசி வாக்கியம் முதலாளி காதில் முதலில் போய்ச் சேர்ந்தது. இருந்தாலும் சந்தேகம் விடவில்லை. ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ளே அடித்துக்கொள்ளாதா என்று கேட்டார். ஒன்று விழித்திருக்கும்போது மற்றது தூங்கும், ஒன்று இருப்பதே இன்னொன்றுக்குத் தெரியாது என்று தென்னரசு சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான். அட்டையை மாற்றினால் அதே தறியில் வேறு டிசைன் வருகிற மாதிரி என்று முதலாளி தானாகவே சமாதானம் ஆகிவிட்டார். கல்யாண சீசன் வரைக்கும் இது தகராறு இல்லாமல் ஓடினால், கதவில் 'சிஸ்டம் மேனேஜர்' என்று போர்டு எழுதி மாட்டுவதாகவும் வாக்குக் கொடுத்தார். தென்னரசு அன்றைக்கே எழுத்து எந்த அளவில் வர வேண்டும் என்று மனதுக்குள் வரைந்து பார்த்துவிட்டான்.

ஒரு வியாழக்கிழமை வேலையைத் தொடங்கினான். டிசைன்களை எல்லாம் தனியாக ஒரு நகல் எடுத்து வைத்தான். ஹார்டு டிஸ்கில் பழைய விண்டோஸைக் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்லி, காலியான இடத்தில் பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றினான். ரேணுகாதேவி தன் அன்னப்பட்சிகள் எல்லாம் பறந்துவிடப் போகின்றன என்ற பயத்தோடு பின்னால் நின்றாள். மெஷினை மறுபடி போட்டதும் கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் வந்தன. மேலே லினக்ஸ், கீழே விண்டோஸ். எது வேண்டுமோ அதைத் தொட வேண்டும், சும்மா இருந்தால் மேலே இருப்பது தானாகவே கிளம்பிவிடும். இதைக் கேட்டதும் முதலாளிக்கு முகம் மாறிவிட்டது. இத்தனை வருஷம் உழைத்தவன் கீழே நிற்கிறான், நேற்று வந்தவன் மேலே உட்கார்ந்துகொண்டிருக்கிறானே, இது எந்த ஊர் நியாயம் என்றார். தென்னரசு விண்டோஸை மேலே ஏற்றி வைத்த பிறகுதான் கற்பூரம் கொளுத்தினார்.

கற்பூரத்தோடு நின்றிருக்கலாம். புதிதாக ஒன்று குடிவந்திருக்கிறது என்று, திரையின் நான்கு மூலையிலும் சந்தனத்தைக் குழைத்துக் கட்டைவிரல் கனத்துக்கு அப்பி, மேலே குங்குமம் வைத்தார். ஆயுத பூஜைக்கும் இப்படித்தான் வைப்பார். அது தானாக உதிர வேண்டும், யாரும் துடைக்கக்கூடாது என்பது சட்டம். வலது பக்கக் கீழ் மூலையில் வைத்த பொட்டு, விண்டோஸ் மணி காட்டுகிற இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் தென்னரசு லினக்ஸைத் திறந்து, இணைய வயரைச் செருகி, வரிக் கணக்கை ஒரே மூச்சில் ஏற்றிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டான். பிறகு வயரைப் பிடுங்கிவிட்டு, ரேணுகாதேவிக்காக விண்டோஸை எழுப்பினான். டிசைனை யாராவது திருடிவிடுவார்கள் என்று விண்டோஸுக்கு இணையமே காட்டக்கூடாது என்பது முதலாளி கட்டளை. தறிக்கூடத்தில் சென்னை பார்ட்டி ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கான முகூர்த்தச் சேலைப் பாவு தயாராகத் தொங்கியது. எல்லாரும் வழக்கம்போல வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு மணியை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

பதினொன்றரைக்கு மணி அடித்தது.

யாரும் அசையவில்லை. அய்யாக்கண்ணு மட்டும் ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தார். "மொதலாளி, இப்ப ராகு காலம் ஓடிகினு கீது. வெள்ளிக்கெழம பத்தரை பன்னண்டு. இது கொழந்தைக்கும் தெரியும்."

சிவப்பிரகாசம் கையில் எடுத்த தாம்பாளத்தைத் திரும்பக் கீழே வைத்தார். கம்ப்யூட்டர் தம்பியைக் கூப்பிட்டார்கள். தென்னரசு வந்து நின்றபோது மொத்தக் கூடமும் அவன் வாயைப் பார்த்தது. மணி தவறு என்று சொன்னால் நேற்றுச் செய்த வேலை தவறு. வேலை தவறு என்றால் போர்டு போயிற்று. என்ன நடந்திருக்கிறது என்று அவனுக்கே அந்த நிமிஷத்தில் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு எம்.சி.ஏ.வில் பாடம் வைக்கவில்லை.

"ராகு காலம்ன்றது எல்லா ஊருக்கும் பொதுவா அச்சடிச்சி வச்சதுங்க மொதலாளி. காலண்டர் அடிக்கிறவன் எந்த ஊர்ல உக்காந்துகினு அடிக்கிறானோ! சூரியன் அங்க உதிக்கிற நேரம் வேற, ஆரணியில உதிக்கிற நேரம் வேற. புது சிஸ்டம் வந்ததுலேர்ந்து கம்ப்யூட்டர் ஆரணிக்குன்னே தனியா கணக்குப் போடுது."

சிவப்பிரகாசம் திறந்த வாயை மூட மறந்தார். "அப்ப இத்தினி வருஷமா வேற ஊரு நேரத்துல பாவு பிணைச்சிகினு இருந்தோமா?"

தென்னரசு ஆமாம் என்றும் இல்லாமல் இல்லை என்றும் இல்லாமல் தலையை ஆட்டினான். முதலாளி அந்தத் தலையாட்டலை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு கற்பூரத்தை ஏற்றினார். அய்யாக்கண்ணு முதல் இழையை முறுக்கினார். பூஜையும் முதல் கொத்தும் சீக்கிரம் முடிந்ததால், சாப்பாட்டு நேரத்துக்கு எல்லாரும் இலையில் உட்கார்ந்தார்கள். பல வருஷத்தில் இது முதல் தடவை.

தென்னரசு ஏ.சி. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். ரேணுகாதேவி சாப்பிடப் போயிருந்தாள். நகத்தால் சந்தனப் பொட்டைச் சுரண்டினான். கீழே இருந்த மணி, பொழுது இப்போதுதான் விடிந்திருப்பதாகக் காட்டியது.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. இரண்டும் தனித்தனியாகக் குடித்தனம் செய்தாலும், பெட்டிக்குள்ளே பேட்டரியில் ஓடுகிற கடிகாரம் ஒன்றுதான். லினக்ஸ் காலையில் இணையத்தில் சரியான நேரத்தைக் கேட்டு வாங்கி, அந்தக் கடிகாரத்தில் லண்டன் கணக்கில் எழுதி வைக்கும். நம் ஊர் நேரம் வேண்டும்போது ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளும். விண்டோஸுக்கு அந்தக் கூட்டல் தெரியாது. எழுதியிருப்பதை அப்படியே ஊர் நேரம் என்று நம்பிவிடும். ஒன்று இருப்பதே இன்னொன்றுக்குத் தெரியாது என்று பெருமையாகச் சொன்னானே, அந்தப் பெருமைதான் மணி அடித்திருக்கிறது. காலை ஆறு மணிக்குப் பிறக்க வேண்டிய சுக்கிர ஹோரை, உச்சி வெயிலில் ராகுவின் மடியில் பிறந்திருக்கிறது.

சரி செய்ய லினக்ஸில் ஒரே ஒரு வரிக் கட்டளை தட்டினால் போதும். ஆனால் இப்போதே சரி செய்தால், இன்னும் கொஞ்ச நேரத்தில் மணி மறுபடி அடிக்கும். முதலாளி கேட்பார். தென்னரசு யோசித்தான். எனக்குத்தான் ராகு காலத்தில் நம்பிக்கையே இல்லையே, எந்த நேரத்தில் பிணைத்தால் என்ன, பாவுக்கு ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிறகு பூஜை அலமாரியிலிருந்து கொஞ்சம் சந்தனம் எடுத்து வந்து, சுரண்டிய இடத்தில் பழையபடி அப்பிக் குங்குமமும் வைத்தான். மூடப் பழக்கத்துக்கு எதிரான அவன் வாழ்க்கையில், சொந்தக் கையால் வைத்த முதல் பொட்டு அது.

பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் வினையாகப் போயிற்று. ஓர் இழை அறவில்லை, ஒரு முடிச்சு தட்டவில்லை. வயிறு நிறைந்த கையும் தெளிந்த கண்ணும் வைத்து மத்தியானம் முழுக்கப் பிணைத்தால் இழை ஏன் அறும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சேலை தறியிலிருந்து இறங்கியபோது அய்யாக்கண்ணுவே முந்தியை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சென்னை பார்ட்டி, சம்பந்தி வீட்டுக்கும் சேர்த்து இதே மாதிரி வேண்டும் என்று போன் போட்டார். முதலாளி போனை வைத்துவிட்டு, ஏ.சி. அறைப் பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தென்னரசுவுக்கு உறுத்தல் வந்தது அப்போதுதான். மனசாட்சி என்று சொன்னால் அதிகம். எம்.சி.ஏ.வுக்கு உறுத்தியது. ராகு காலத்தில் வண்டி எடுத்தவன் வைத்த மணியைப் பார்த்து ஒரு முதலாளி கன்னத்தில் போட்டுக்கொள்வதா? அடுத்த பாவு தயாரானதும், யாருக்கும் சொல்லாமல் லினக்ஸில் அந்த ஒரு வரியைத் தட்டினான். கடிகாரம் ஊருக்குத் திரும்பியது. அந்த வெள்ளிக்கிழமை மணி பழையபடி ஒரு மணிக்கு அடித்தது. பதினொன்றரையை நம்பி இரண்டு வாரமாக வயிற்றைப் பழக்கி வைத்திருந்த தறிக்காரர்கள், கண்கள் பஞ்சடைய உட்கார்ந்து பிணைத்தார்கள். பார்டர் பக்கம் ஒரு கொத்து இழை இடம் மாறிப்போனது. முதல் முழம் ஓடுவதற்குள் பத்து இடத்தில் அறுந்தது. அத்தனையும் பிரித்துத் திரும்பப் பிணைக்க வேண்டியதாயிற்று.

சிவப்பிரகாசம் அவனைத் தறிக்கூடத்துக்கு நடுவில் நிற்க வைத்துக் கேட்டார். "நீ ஏதோ மாத்திக்கினு கீற. இன்னா மாத்தின, சொல்லு."

பொய் சொல்ல அவனிடம் சரக்குத் தீர்ந்துவிட்டிருந்தது. முழு உண்மையையும் சொன்னான். அன்றைக்கு அடித்தது ஆரணி நேரமே இல்லை, பஞ்சாங்க நேரமும் இல்லை, பெட்டிக்குள் லினக்ஸ் எழுதி வைத்த லண்டன் நேரம், அது தன்னுடைய தவறு, இப்போது ஓடுவதுதான் சரியான நேரம் என்று விரல் விட்டு விளக்கினான். பேசப் பேச நெஞ்சு லேசானது. போர்டு போனால் போகட்டும், படித்தவன் படித்தவனாக நின்றான் என்று இருக்கட்டும் என்றுகூட நினைத்தான்.

முதலாளி ஓர் எட்டு கிட்ட வந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "லண்டனா?"

"ஆமாங்க."

"அப்ப அது லண்டன் ஹோரை."

"ஹோரை இல்லீங்க மொதலாளி, அது தப்பு..."

அய்யாக்கண்ணு நடுவில் புகுந்தார். ராகு காலம் என்று முதலில் வாய் திறந்தவரே அவர்தான். இப்போது அவருக்கு லண்டன் மேல் அபாரமான மரியாதை பிறந்திருந்தது. வெள்ளைக்காரன் அத்தனை தேசத்தையும் சும்மா ஆளவில்லை, நேரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் ஆண்டான் என்றார். மற்றத் தறிக்காரர்களும் ஆமாம் போட்டார்கள். அவர்கள் பேசியது லண்டனுக்காக அல்ல, பன்னிரண்டு மணிச் சோற்றுக்காக என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஆனால் படித்தவன் அப்போது வேறு யோசனையில் இருந்தான்.

"அதையே திருப்பி வச்சிடு, ஜல்தி" என்றார் முதலாளி. "தப்பா சரியான்றத பொடவ சொல்லும். நாளைக்கே போர்டுக்காரன வரச் சொல்றேன்."

தென்னரசு நியாயமாக மறுத்துப் பேசியிருக்க வேண்டும். போர்டு என்ற சொல் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஏ.சி. அறைக்குப் போனான், லினக்ஸைத் திறந்தான், அந்த ஒரு வரியைத் தலைகீழாகத் தட்டினான். தவறை முதல் தடவை செய்ததற்கு அறியாமை காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாம் தடவைக்குப் படிப்பு தேவைப்பட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை ஆரணியில் பட்டு விற்கிற எந்தக் கடையில் கேட்டாலும் சொல்வார்கள். சிவப்பிரகாசம் கடையில் லண்டன் நேரத்தில் பாவு பிணைக்கிறார்கள், இழையே அறுவதில்லை என்று பேச்சுப் பரவியது. ஒவ்வொருவராக வந்தார்கள். "எங்க பெட்டியிலயும் லண்டன் வச்சிக் குடுங்க சார்" என்றார்கள். சார்! அந்தச் சொல்லைக் கேட்டபோது தென்னரசு பதில் சொல்லாமல் ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டான், இன்னொரு தடவை சொல்வார்களா என்று. பல கடைகளில் இருந்தது வெறும் விண்டோஸ்தான். மணி அடிக்கிற புரோகிராமை நகல் எடுத்துப் போட்டு, கடிகாரத்தைக் கையால் பின்னுக்குத் தள்ளினாலே வேலை முடிந்துவிடும். ஆனால் மந்திரம் சொல்லாமல் விபூதி கொடுத்தால் பூசிக்கொள்கிறவனுக்குத் திருப்தி வருமா? ஆகவே எல்லாப் பெட்டியிலும் லினக்ஸைப் பக்கத்தில் குடிவைத்தான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளை ஓடவிட்டு, யாரும் பேச வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருப்பான். களம்பூர் பக்கத்து அரிசி ஆலைக்காரர் ஒருவர் வந்து, நெல்லுக்கு எந்த ஹோரை என்று கேட்டுவிட்டார். பார்த்துச் சொல்வதாகச் சமாளித்து அனுப்பினான். மறுநாள் ஒரு பஞ்சாங்கம் வாங்கி, எம்.சி.ஏ. பாடப் புத்தகத்தின் அட்டையைக் கிழித்து அதற்குப் போட்டு, பஸ்ஸில் வைத்துப் படித்தான். நெல்லுக்குச் சந்திர ஹோரை. பரீட்சைக்குக்கூட அவன் அப்படி மனப்பாடம் செய்ததில்லை.

போர்டு வந்தது. செங்கல் நிறப் பலகையில் மஞ்சள் எழுத்து. முதலாளியே வாசகம் சொல்லி எழுத வைத்திருந்தார்.

'லண்டன் ஹோரை' என்று முதல் வரி, தெருக்கோடியிலிருந்து படிக்கிற அளவில். 'இங்கு கம்ப்யூட்டர் முறையில் வைத்துத் தரப்படும்' என்று இரண்டாவது வரி. அதற்கும் கீழே, இடம் போதாமல் நெருக்கியடித்து, தி. தென்னரசு. பெயருக்குப் பின்னால் எம்.சி.ஏ. இருக்கத்தான் செய்தது. கிட்டப் போய்க் குனிந்தால் தெரியும். மோட்டார் சைக்கிள் நம்பர் எந்த அளவில் இருந்ததோ அதே அளவு. சிஸ்டம் மேனேஜர் எங்கே என்று கேட்டதற்கு, அது யாருக்குப் புரியும் என்று முதலாளி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

மாட்டுவது என்று குறித்தது வெள்ளிக்கிழமை. மகன் பெயர் போட்ட போர்டைப் பார்க்க, பச்சையம்மாள் தேவிகாபுரத்திலிருந்து காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். கையில் ஒரு முழம் பூ. சட்டம் போட்ட சான்றிதழுக்கு வைக்கிற மாதிரி இதற்கும் வைக்க வேண்டும் என்று. தறிக்காரர்கள் கூடிவிட்டார்கள். அய்யாக்கண்ணு ஸ்டூல் மேல் ஏறி, ஆணியைக் கதவு நிலைக்கு மேல் வைத்து, சுத்தியலைத் தூக்கிக்கொண்டு ஸ்பீக்கரைப் பார்த்தார். அது தென்னரசு உட்கார்கிற அதே பிளாஸ்டிக் ஸ்டூல்தான்.

பச்சையம்மாள் கடைச் சுவரில் இருந்த காலண்டரை ஒரு தடவை பார்த்துவிட்டு மகன் பக்கம் நகர்ந்தாள். "டேய், இப்ப ராகு காலம்டா" என்றாள் மெதுவாக.

ராகு காலத்தில் வண்டி எடுத்தவன், எல்லா நேரமும் ஒன்றுதான் என்று ஷோரூமில் முழங்கியவன், லண்டன் நேரத்தை ஊருக்கே விற்றவன், முதலாளியை நெருங்கினான்.

"மொதலாளி, ஒரு அரை மணி நேரம் போவட்டுங்களா?"

"ஏன்?"

"சும்மாதாங்க. வெயிலா இருக்குது."

"கூடத்துக்கு உள்ள மாட்ற போர்டுக்கு இன்னாடா வெயிலு?"

தறிக்காரர்கள் சிரித்தார்கள். ரேணுகாதேவி சுழல் நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு பார்த்தாள். ஸ்பீக்கரில் மணி மூன்று தடவை அடித்தது. அய்யாக்கண்ணு, சாப்பாட்டுக்கு அவசரப்படுகிற ஆள், சுத்தியலை ஓங்கி ஒரு போடு போட்டார். ஆணி நேராக இறங்கியது. முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார், அவரைப் பார்த்து எல்லாரும் போட்டுக்கொண்டார்கள்.

தென்னரசு மட்டும் இடது கையால் வலது முழங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டே, தலைக்கு மேல் தொங்குகிற போர்டின் அடியிலிருந்து ஓர் எட்டுத் தள்ளி நின்றுகொண்டான்.